கேமராவா, லென்ஸா: காட்டுயிர்ப் படமெடுப்பில் ஐந்து முறை கருவி மாற்றியவனின் பதில்

தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி வைத்த டிஜிட்டல்) கேமரா ஒன்றையும் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸையும் வைத்துக்கொண்டு மூன்றாண்டுகளாகப் பறவைகளையும் விலங்குகளையும் எடுத்துவருவதாகவும், படங்கள் சிறிதாகவும் தெளிவின்றியும் அமைவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மிரர்லெஸ்ஸுக்கு (அந்தக் கண்ணாடி இல்லாத கேமராவுக்கு) மாறச் சொல்கிறார் ஒரு நண்பர், 600 மி.மீ. லென்ஸை முதலில் வாங்கச் சொல்கிறார் இன்னொருவர் (மி.மீ. எண் கூடக்கூடத் தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும்). எதை முதலில் செய்வது, பழைய கேமராவை விற்றுவிடலாமா என்பவை உங்கள் கேள்விகள். நான் இதைத் தொழிலாகச் செய்பவன் அல்லன். ஓய்வு நாள்களில் மட்டும் கேமராவைத் தூக்குபவன். ஃபிலிம் காலத்தில் தொடங்கி இன்றைய மிரர்லெஸ் வரை ஐந்து முறை கருவி மாற்றியிருக்கிறேன். அவற்றில் இரண்டு மாற்றங்கள் வீண் என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது. அந்த இரண்டும் ஏன் வீணாயின என்று விளக்கினால், உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதிலேயே வந்துவிடும்.

முதலில் என்னிடம் இருந்தது கையால் ஃபோகஸ் செய்யும் ஃபிலிம் எஸ்.எல்.ஆர்.; அதனுடன் 300 மி.மீ., எஃப்/5.6 லென்ஸ் (எஃப் எண் லென்ஸின் திறப்பைக் குறிக்கும்; எண் சிறிதானால் திறப்பு பெரிது). ஸ்லைடு ஃபிலிமைத்தான் பயன்படுத்தினேன். 1990-இல் வெளிவந்த வெல்வியா என்ற ஃபிலிமின் வேகம் ஐ.எஸ்.ஓ. 50 மட்டுமே (ஐ.எஸ்.ஓ. என்பது ஒளியுணர்திறனின் அளவு; எண் குறைந்தால் ஒளி மிகுதியாக வேண்டும்), அன்று நிறத்துக்காகப் பலரும் விரும்பியது அதைத்தான். இந்த எண்ணின் பொருளை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல உச்சி வெயிலில்கூட, எஃப்/5.6 திறப்பில், ஐ.எஸ்.ஓ. 50-க்குக் கிடைக்கும் ஷட்டர் வேகம் ஏறத்தாழ 1/400 நொடி. விலங்குகள் நடமாடும் அதிகாலையிலும் அந்தியிலும் ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறைந்தால் அதுவே 1/50 நொடி ஆகிவிடும். பறக்கும் தகைவிலானை அந்த வேகத்தில் உறைய வைக்க முடியாது. கிளையில் அமர்ந்து தலையைத் திருப்பும் மீன்கொத்திகூட மங்கலாகத்தான் பதியும். ஒரு சுருளில் 36 படங்கள். ஸ்லைடில் ஒளியளவு அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது) தவறினாலும் வெண்கொக்கின் இறகு வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். செய்த பிழை இன்னதென்று தெரியவரப் பல நாள்கள் ஆகும்.

இவ்வளவு குறைகள் இருந்தும் அந்தக் காலத்துப் படங்களில் சில இன்றும் என் சுவரில் இருக்கின்றன. 300 மி.மீ.க்கு மேல் என்னிடம் வேறு வழி இல்லாததால், குளத்தின் ஓரத்தில் துணி மறைவிடம் கட்டி, அதனுள் மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்திருந்தேன். பறவைகள் ஏழெட்டு மீட்டர் தொலைவுக்குத் தாமாகவே வந்தன. பறவைப் படமெடுப்பின் முன்னோடிகளான கீயர்ட்டன் சகோதரர்கள் 1900-இல் உள்ளீடற்ற எருதின் உருவம் ஒன்றைச் செய்து, அதனுள் கேமராவுடன் ஒளிந்துகொண்டு படமெடுத்தார்கள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், அந்த எருதுதான் அவர்களுடைய நீண்ட லென்ஸ் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. (கூட்டருகே மட்டும் மறைவிடம் போட வேண்டாம். தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுப் போய்விடக்கூடும்.)

என் முதல் மாற்றம் வீணான மாற்றம். டிஜிட்டல் வந்தபின், லென்ஸ் கழற்ற முடியாத, பெரும் ஜூம் கொண்ட பிரிட்ஜ் வகைக் கேமரா ஒன்றை வாங்கினேன். பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருந்த ஜூம் எண்ணில் மயங்கினேன் என்பதுதான் உண்மை. அந்த மயக்கத்துக்கு அடியில் இருக்கும் இயற்பியலை நான் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின; உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் லென்ஸ் தேர்வு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

ஒரு குறிப்பிட்ட தொலைவில் இருக்கும் பறவையிலிருந்து எவ்வளவு ஒளியை ஒரு லென்ஸ் திரட்டும் என்பதைத் தீர்மானிப்பது அதன் திறப்பின் விட்டம். குவியத் தொலைவை (லென்ஸின் மி.மீ. எண்ணை) எஃப் எண்ணால் வகுத்தால் அந்த விட்டம் கிடைக்கும். 2015-இல் வெளிவந்த நிக்கான் பி900 கேமரா, முழுச்சட்டகக் (35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சாரின்) கணக்கில் 2000 மி.மீ.க்கு நிகரான காட்சியைத் தருவது. அதன் உண்மையான குவியத் தொலைவோ 357 மி.மீ., திறப்பு எஃப்/6.5. வகுத்தால் ஏறத்தாழ 55 மி.மீ. உங்களிடம் இருக்கும் லென்ஸ் 300 மி.மீ. முனையில் எஃப்/5.6 என்றால், அதன் விட்டம் ஏறத்தாழ 54 மி.மீ. ஆக, அந்த 2000 மி.மீ. கேமராவும் உங்கள் 300 மி.மீ. லென்ஸும் பறவையிடமிருந்து திரட்டும் ஒளி ஏறக்குறைய ஒன்றே. முன்னது அந்த ஒளியைச் சட்டகம் நிறையப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஆனால் இல்லாத ஒளியை அதனால் உண்டாக்க முடியாது. நல்ல வெயிலில், அசையாமல் அமர்ந்த பறவையை அது அழகாகவே எடுக்கும். இனம் கண்டறிவதற்கு அதைவிட வசதியான கருவி குறைவு. நிழலில், அந்தியில், பறக்கும்போது என்று வந்தால் நிலைமை வேறு. என்னுடையதில் இன்னொரு தொல்லையும் இருந்தது: மின்னணுக் காட்சித்திரை நொடியில் ஒரு பங்கு பின்தங்கியே காட்டியதால், திரையில் பறவையைப் பார்த்து நான் பொத்தானை அழுத்தும்போது கிளை காலியாக இருக்கும்.

அடுத்து வந்தது 6 மெகாபிக்ஸல் டி.எஸ்.எல்.ஆர். 2003-இலும் 2004-இலும் வெளிவந்த கேனான் 300டி, நிக்கான் டி70 போன்ற கேமராக்கள்தான் என்னைப் போன்ற ஆர்வலர்களின் கைக்கு டிஜிட்டல் எஸ்.எல்.ஆரைக் கொண்டுவந்தன, நானும் அந்த அலையில் ஏறியவன்தான். 70-300 ஜூம் ஒன்றும் கூடவே வந்தது. இந்த மாற்றத்துக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. ஐ.எஸ்.ஓ.வைப் படத்துக்குப் படம் மாற்றலாம். ஹிஸ்டோகிராமை (படத்தில் ஒளியும் இருளும் பரவியிருப்பதைக் காட்டும் வரைபடத்தை) பார்த்து வெண்கொக்கைக் காப்பாற்றலாம். தவறைத் தவறிய இடத்திலேயே திருத்தலாம். ஃபிலிமில் பத்தாண்டுகளில் கற்றதைவிட இரண்டே ஆண்டுகளில் மிகுதியாகக் கற்றேன்.

ஆனாலும் பறவைகள் சிறிதாகவே விழுந்தன. அதற்கு நான் கேமராவைக் குறைசொன்னேன். மெகாபிக்ஸல் கூடிய, நொடிக்கு அதிகப் படங்கள் எடுக்கும் வேறொரு டி.எஸ்.எல்.ஆர். வாங்கினேன், லென்ஸ் மட்டும் அதேதான். இதுதான் என் இரண்டாவது வீண் செலவு. உங்கள் முதல் நண்பர் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். 15 செ.மீ. நீளமுள்ள சிறு பறவை 20 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று கொள்வோம். 300 மி.மீ. லென்ஸ் அதைச் சென்சாரில் 2.25 மி.மீ. நீளத்துக்கு வரையும். 6 மெகாபிக்ஸல் ஏ.பி.எஸ்.-சி. (முழுச்சட்டகத்தைவிடச் சிறிய) சென்சாரில் அது ஏறத்தாழ 285 பிக்ஸல். 24 மெகாபிக்ஸலில் ஏறத்தாழ 575 பிக்ஸல். கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் பறவையிடமிருந்து வரும் மொத்த ஒளி அதே அளவுதான். முன்பு நான்கு கூறாகப் பகிர்ந்ததைப் பதினாறு கூறாகப் பகிர்கிறோம். அதே பறவையை 10 மீட்டர் தொலைவுக்கு வரவழைத்துவிட்டால், நீளத்தில் பிக்ஸல் இரு மடங்காவதுடன், பறவையிடமிருந்து வரும் ஒளியும் நான்கு மடங்காகிறது. இடையில் இருக்கும் காற்றும் பாதியாகக் குறைகிறது.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் நிறைவடையாது. வெயில் ஏறியபின் தரையிலிருந்து எழும் வெப்பக் காற்று ஒளியை வளைத்து வளைத்து அனுப்பும். தொலைவில் நிற்கும் மானின் உடல் விளிம்பு நீரில் தெரியும் நிழல்போல நெளியும். எந்த லென்ஸாலும், எந்தச் சென்சாராலும் இதைச் சரிசெய்ய முடியாது. நீண்ட லென்ஸ் இதை இன்னும் பெரிதாகத்தான் காட்டும். புதிய கேமராவை வாங்கி ஓராண்டுக்காலம் நான் "லென்ஸில் கோளாறு" என்று நினைத்துப் புலம்பிய படங்களில் பெரும்பகுதி காலை பத்து மணிக்குமேல், திறந்தவெளியில், நெடுந்தொலைவுக்கு எடுத்தவை. உண்மையான கோளாறும் ஒன்று இருந்தது: ஃபோகஸ் எப்போதும் பறவைக்குச் சற்றுப் பின்னால் விழுந்தது. டி.எஸ்.எல்.ஆரில் ஃபோகஸை அளக்கும் பகுதி வேறு, படம் பதியும் சென்சார் வேறு. இரண்டுக்கும் இடையே இம்மியளவு வேறுபாடு இருந்தாலும் இப்படி நேரும். கேமராவில் இருந்த நுண்திருத்த வசதியால் அது ஒரு மாலைப்பொழுதில் சரியாயிற்று. உங்கள் கேமராவில் அந்த வசதி இல்லாமல் இருக்கலாம். தொடக்கநிலைக் கேமராக்கள் பலவற்றில் அது கிடையாது. அப்படியானால் லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து) எடுத்த படத்தையும் வ்யூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியே எடுத்த படத்தையும் ஒப்பிட்டாவது பாருங்கள்.

நான்காவது மாற்றம் லென்ஸ். டாம்ரான் 2013 இறுதியில் அறிவித்த 150-600, அடுத்த ஆண்டில் சிக்மாவின் 150-600, 2015-இல் நிக்கானின் 200-500 என்று ஆர்வலர்களுக்கு எட்டும் நீண்ட ஜூம்கள் அடுத்தடுத்து வந்தன. அந்த வகையில் ஒன்றை வாங்கி அதே பழைய கேமராவில் மாட்டினேன். 600 மி.மீ., எஃப்/6.3 என்றால் திறப்பின் விட்டம் 95 மி.மீ.; பரப்பில் என் பழைய ஜூமைவிட மும்மடங்குக்கும் கூடுதல். எஃப் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது "இருண்ட லென்ஸ்". பறவையின் பக்கமிருந்து பார்த்தால் இதுதான் வெளிச்சமான லென்ஸ். என் படங்கள் ஒரே பருவத்தில் மாறின. கேமராவை மாற்றியபோது நிகழாதது லென்ஸை மாற்றியபோது நிகழ்ந்தது.

ஆனால் நீண்ட லென்ஸைக் கையாளப் பழகவே சில மாதங்கள் வேண்டும். காட்சிப்பரப்பு மிகக் குறுகியதாதலால் பறவையைச் சட்டகத்துக்குள் கொண்டுவருவதே முதலில் பெரும்பாடு. வெறும் கண்ணால் பறவையைப் பார்த்தபடியே, பார்வையை அகற்றாமல் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தப் பழக வேண்டும். அதிர்வுக் குறைப்பு வசதியைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 1995-இல் கேனான் தன் 75-300 லென்ஸில் அதை முதன்முதலாகக் கொண்டுவந்த நாளிலிருந்து இன்றுவரை, அது அடக்குவது நம் கையின் நடுக்கத்தைத்தான். பறவையின் அசைவை அன்று. அமர்ந்த பறவைக்கு 1/500, பறக்கும் பெரிய பறவைக்கு 1/2000, சிறியதற்கு 1/3200 என்ற அளவுகளை நான் இன்றும் விடுவதில்லை, அதற்காக ஐ.எஸ்.ஓ. எவ்வளவு ஏறினாலும் ஏறட்டும் என்று விட்டுவிடுகிறேன். இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிப் பொரி) கொண்ட கூர்மையான படத்தைப் பிறகு சீர்படுத்தலாம். இரைச்சலில்லாத மங்கல் படத்தை என்ன செய்ய முடியும்?

600 மி.மீ., எஃப்/4 போன்ற பெரிய லென்ஸ்களைப் பற்றியும் ஒரு சொல். நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி இரண்டு நாள் வைத்திருந்தேன். 150 மி.மீ. திறப்பு, படத்தின் பின்புலம் பட்டுத்துணி போல இழைந்துவிடும். இருந்தாலும் அந்த இரண்டு நாளும் நான் வழக்கத்தைவிடக் குறைவாக நடந்தேன், குறைவாகக் குனிந்தேன்; தரையோடு படுத்து எடுக்க வேண்டிய கரைப்பறவைகளை நின்றபடியே எடுத்துவிட்டு வந்தேன். கேனானின் இவ்வகை லென்ஸ் 1999-இல் 5.36 கிலோ எடை இருந்தது, 2018-இல் 3.05 கிலோவாக இறங்கியது. பொறியாளர்களின் திறமை வியப்புக்குரியதுதான். ஆனால் ஓய்வு நாளில் மட்டும் வெளியே போகிறவருக்கு, கூடவே எடுத்துச்செல்லும் 2 கிலோ லென்ஸ்தான், வீட்டில் விட்டுவரும் 3 கிலோ லென்ஸைவிட மேலானது என்பது என் கருத்து.

கடைசியாக மிரர்லெஸ். 2017-இல் வந்த சோனி ஏ9, காட்சி இருளாமல் நொடிக்கு 20 படங்கள் எடுத்துக் காட்டியது. 2020-இல் கேனான் ஆர்5 பறவைகளின் கண்ணையும் கண்டறிந்து ஃபோகஸ் செய்தது. 2021-இல் நிக்கான் இசட்9 இயந்திர ஷட்டரையே நீக்கிவிட்டது. இவற்றின் பயன்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஃபோகஸ் புள்ளியைக் கட்டைவிரலால் துரத்திக்கொண்டே சட்டகத்தையும் அமைக்கும் இரட்டை வேலை ஒழிந்ததால், பறவைக்கு முன்னால் எவ்வளவு இடம் விடுவது, பின்னால் என்ன தெரிகிறது என்று யோசிக்க எனக்கு நேரம் கிடைத்தது. சென்சாரிலேயே ஃபோகஸ் அளக்கப்படுவதால் நுண்திருத்தத் தொல்லை போயிற்று. ஓசையின்றி எடுக்க முடிவதால், ஷட்டர் ஒலிக்குத் தலைதூக்கும் மான் இப்போது மேய்ந்துகொண்டே இருக்கிறது. பொத்தானை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய கணப்பொழுதையும் பதிந்துவைக்கும் வசதி இருப்பதால், மீன்கொத்தி கிளையை விட்டு எழும் நொடி அகப்படுகிறது. என் கைவேகத்துக்கு அது ஒருநாளும் அகப்பட்டதில்லை.

புதிய தொல்லைகளும் சேர்ந்தே வந்தன. ஃபோகஸ் பின்னாலுள்ள புதரில் முழுதாக விலகிக் கிடக்கும்போது, எவ்வளவு அறிவுள்ள கேமராவும் முன்னே நிற்கும் பறவையைப் பறவையென அறிவதில்லை. கையால் வளையத்தைத் திருப்பி அருகே கொண்டுவந்தால்தான் அது விழித்துக்கொள்கிறது. சென்சாரை மெதுவாகப் படிக்கும் மலிவு மாதிரிகளில், ஓசையில்லா ஷட்டரில் எடுத்தால் சிறகு வளைந்து பதியும்; அவற்றில் பறக்கும் பறவைக்கு இயந்திர ஷட்டரையே பயன்படுத்த வேண்டும். மின்கலம் விரைவில் தீர்ந்துபோகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்து நொடி அழுத்தினால் 200 படங்கள். ஒரு காலைப் பொழுதில் ஆயிரக்கணக்கில் சேரும். முன்பு 36 படச் சுருளை மேசைமேல் பரப்பி வைத்து ஒவ்வொன்றாக ரசித்தவன், இப்போது இரவெல்லாம் கழித்துக்கட்டும் வேலையில் இருக்கிறேன்.

கருவி வாங்காமலேயே கிடைத்த மேம்பாடு ஒன்றும் உண்டு. செயற்கை நுண்ணறிவு கொண்டு இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் அண்மை ஆண்டுகளில் நன்றாக முதிர்ந்துவிட்டன. 2023-இல் படத்திருத்த மென்பொருளான லைட்ரூமிலேயே அந்த வசதி வந்தது. ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக) சேமித்து வைத்திருந்த என் பழைய டி.எஸ்.எல்.ஆர். படங்கள் சிலவற்றை மீண்டும் அதில் இட்டு எடுத்தபோது, அன்று தூக்கி எறிய நினைத்தவை அச்சிடும் தரத்துக்கு வந்தன. நீங்கள் ஜேபெக்கில் எடுப்பவரானால் இன்றே ராவுக்கு மாறுங்கள். அளவுக்கு மீறினால் மென்பொருள் இல்லாத இறகு இழைகளைத் தானே வரைந்துவிடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இனி உங்கள் கேள்வி. முதலில் எதையும் வாங்காதீர்கள். உங்களுடைய தோல்வியுற்ற படங்களில் ஒரு நூறை எடுத்து, ஒவ்வொன்றையும் முழு அளவில் பெரிதாக்கி, அது ஏன் கெட்டது என்று பார்த்து வகைபிரியுங்கள். சட்டகம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுங்கியிருக்கிறது. கிளை கூர்மையாக இருந்து பறவையின் தலையோ சிறகோ மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. பறவைக்குப் பின்னால் உள்ள இலை கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. வேகமும் ஃபோகஸும் சரியாக இருந்தும் எதிலுமே கூர்மை இல்லாமல், தொலைவும் மிகுதியாக இருந்தால் அது வெப்பக் காற்று. எல்லாம் சரியாக இருந்து பறவை மட்டும் குறுமணியாக இருந்தால்தான் அது லென்ஸின் எல்லை.

நான் இப்படிப் பிரித்துப் பார்த்தபோது, என் படங்களில் பாதிக்குமேல் முதல் இரண்டு வகையில் விழுந்தன. 1/250 நொடியில் எடுத்துக்கொண்டு கேமராவைப் பழித்திருக்கிறேன். உங்களுக்கும் அப்படியே இருந்தால், வேகத்தைக் கூட்டுவதும், ஒரு மோனோபாடோ (ஒற்றைக்கால் தாங்கி) மணல்மூட்டையோ வைத்துக்கொள்வதும், விடியற்காலையில் போய்ப் பத்து மணிக்குள் திரும்புவதும் இப்போதைக்குப் போதும். பறவை சிறிதாக விழுவதுதான் பெரும்பான்மை என்றால், ஒரு பருவம் மறைவிடத்தில் அமர்ந்து பாருங்கள். அதன்பிறகும் எட்டவில்லை என்றால் உங்கள் இரண்டாவது நண்பர் சொல்வதே சரி, நீண்ட ஜூம்தான் முதலில். அதை வாங்கும்போதே, பிற்காலத்தில் நீங்கள் மாற நினைக்கும் மிரர்லெஸ்ஸில் அது அடாப்டர் வழியாக ஒழுங்காக இயங்குமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். 1987-இல் கேனான் புதிய மவுண்டுக்கு (லென்ஸ் கேமராவில் பொருந்தும் வளையம்) மாறியபோது பழைய எஃப்.டி. லென்ஸ்கள் வைத்திருந்தவர்கள் அவற்றைப் புதிய உடலில் அப்படியே பொருத்த முடியாமல் தவித்தார்கள். இன்று அடாப்டர்கள் நன்றாக இருந்தாலும், எல்லா லென்ஸும் எல்லா உடலிலும் ஒரே வேகத்தில் ஃபோகஸ் செய்வதில்லை. ஃபோகஸ் தவறுவதும், பறக்கும் பறவைகள் நழுவுவதும்தான் உங்கள் நூறில் மிகுதி என்றால் மட்டும் முதல் நண்பர் வெற்றி பெறுகிறார். அப்போது மிரர்லெஸ் உடல் உங்கள் பணத்துக்கு உரிய பயனைத் தரும்.

பழைய கேமராவை விற்க வேண்டாம் என்பேன். அதற்குக் கிடைக்கும் தொகை பெரும்பாலும் சிறிது. அதன் உதவியோ பெரிது. என்னுடைய பழைய டி.எஸ்.எல்.ஆர். இப்போது அகலக்கோண லென்ஸுடன், தரையோடு ஒட்டிய சிறு முக்காலியில், நீர்க்கரையில் இலைகளுக்கிடையே அமர்ந்திருக்கிறது. நான் எட்டத்தில் ரிமோட்டுடன் உட்கார்ந்திருக்கிறேன். மழையில் நனைந்தாலோ, குரங்கு தூக்கிக்கொண்டு போனாலோ மனம் பெரிதாகப் பதைக்காத கேமராவை மட்டுமே அப்படி விட்டுவைக்க முடியும். கொக்கு தன் காலடியில் இருக்கும் மீனைக் குனிந்து பார்க்கும் படம் எனக்கு அந்தக் கேமராவில்தான் கிடைத்தது, 600 மி.மீ. லென்ஸால் அந்தக் கோணத்துக்கு வர வழியே இல்லை.